எட்டு முழ வேட்டி பதினோரு முழமான திங்கட்கிழமை

“டீச்சர், உங்க வீட்டுல மூணு விசில் வந்துச்சு.”

என் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எடுத்த முதல் பாட வீடியோவுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இது. மகன் தூங்கிய பிறகு சமையல் மேடையில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவே போனைச் செருகி வைத்துக்கொண்டு, 52இல் இருந்து 27ஐக் கடன் வாங்கிக் கழிப்பது எப்படி என்று பதினோரு நிமிடம் பேசியிருந்தேன். பின்னால் மறுநாளைக்குக் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. கழித்தல் யார் மனதிலும் நிற்கவில்லை. விசில் மட்டும் நின்றுவிட்டது.

நான் பள்ளிபாளையம் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. 26 பிள்ளைகள். பாதிக்கு மேல் தறி ஓட்டுகிற வீடுகள். ஜன்னலைத் திறந்தால் விசைத்தறிச் சத்தம், மூடினால் புழுக்கம். 2023இல், இரண்டாம் பருவம் தொடங்கியபோதுதான் இந்த ‘தலைகீழ் வகுப்பறை’ ஆசை எனக்கு வந்தது. ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயர்நிலைப் பள்ளி சார் ஒருவர் சொன்னார்: பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லிவிடுங்கள், வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்யவையுங்கள், தொண்டைத் தண்ணீர் வற்றாது. தினமும் வற்றிக்கொண்டிருந்த எனக்கு இது தேனாக இனித்தது.

அந்த யோசனை யாருக்காகப் பிறந்தது என்பதை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லேண்ட் பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். வகுப்புக்கு வர முடியாமல் போகிற பிள்ளைகளுக்காக 2007இல் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பிறகு எல்லாருமே அந்த வீடியோவை வீட்டில் பார்க்கலாமே, வகுப்பு நேரத்தைச் சோதனைக்கும் சந்தேகத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று மாற்றினார்கள். பெரிய பிள்ளைகள். நிறுத்திப் பார்க்கவும், திருப்பிப் பார்க்கவும், குறிப்பெடுக்கவும் தெரிந்தவர்கள். நான் அதை அப்படியே எடுத்து எட்டு வயதுப் பிள்ளைகள் தலையில் வைத்தேன். முன்பே படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

முதல் வீடியோவை மாலை 6 மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் காலை வகுப்பில், “பார்க்காதவங்க எல்லாம் எழுந்திரிங்க” என்றேன். இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது. பதினாறு பேர் எழுந்தார்கள். பத்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணிடம், என்ன பார்த்தாய், சொல் என்றேன். அவள் கொஞ்சமும் தயங்காமல், “நீங்க பச்சைப் பொடவை கட்டிக்கிட்டு போர்டுல கணக்குப் போட்டீங்க” என்றாள்.

அந்த வீடியோவில் போர்டே கிடையாது. என் முகமும் கிடையாது. என் கையும் ஒரு நோட்டும் குச்சிக்கட்டும்தான்.

அவளை அப்போது ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் போகும் வழியில் அவள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு இரவு ஷிப்ட்டுக்குத் தறிப்பட்டறை போய்விடும். அவள் எப்படிப் பார்ப்பாள்? எழுப்பி நிறுத்தப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு வீடியோவைத் தானே தயாரித்துவிட்டாள். நல்ல கற்பனை, பாவம்.

அந்த வாரம் இன்னும் சில வீடுகளுக்குப் போனேன். ஓரிடத்தில் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, அண்ணன் கேம் ஆடுகிறான். ஓரிடத்தில் ஒன்பதாம் வகுப்பு அக்காவுக்குத்தான் போனில் முன்னுரிமை. ஒரு வீட்டில் நம்பர் மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. குழுவில் நான் யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டன் போன் மட்டும் இருந்த வீடு நான்கு.

ஒரு அம்மா மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். “ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடத்துல நீங்க சொல்லித் தர மாட்டீங்களா? மறுபடியும் போனைக் குடுக்கச் சொல்றீங்களே?” அந்த ‘மறுபடியும்’ எனக்குப் புரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பைப் பாதியில் இருந்து தொடங்கியவர்கள். இவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் ஒன்றரை வருடம் போனில் படித்ததையும், படிக்கிறேன் என்று போனை வாங்கி வேறென்னவோ செய்ததையும் அந்த அம்மா பார்த்திருக்கிறார். போனைப் பிடுங்கி வைக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது டீச்சரே கொடுக்கச் சொன்னால்?

இதில் நான் கற்ற முதல் விஷயம் வீடியோ பற்றியது அல்ல. எந்தப் புதுமையையும் பிள்ளைகளிடம் தொடங்கும் முன் அம்மாக்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்வது சொன்னதாகாது. அடுத்த வெள்ளிக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்களை வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நிறுத்திச் சொன்னேன்: வாரத்துக்கு ஒன்றுதான். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. சனி, ஞாயிறில் எப்போது முடியுமோ அப்போது காட்டுங்கள். பார்க்காமல் வந்தாலும் பிள்ளையைத் திட்ட மாட்டேன். பாடத்தை வகுப்பில் நான்தான் நடத்துவேன். கடைசி வாக்கியத்துக்குத்தான் தலைகள் ஆடின.

எங்கள் தலைமையாசிரியையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். “2007ல அட்டை, ஏணின்னு, பிள்ளைங்களே அட்டையை எடுத்துச் செஞ்சு பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தப்ப நாங்க போர்டை விட்டுட்டுத் தரையில உக்காந்தோம். அதுக்கு போன் எதுவும் தேவைப்படலியே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. நான் உண்மையில் தேடியது வீடியோவை அல்ல, தரையில் உட்காருகிற நேரத்தைத்தான்.

சரி, வீடியோவை எப்படி மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு நிமிடத்தை மூன்றாக்கினேன். ஒரு வீடியோவில் ஒரே விஷயம். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்பது எனக்கு ஒரு விஷயம், பிள்ளைக்கு நான்கு. ஐம்பது என்பது ஐந்து பத்துக்கட்டுகள் என்று தெரிய வேண்டும், ஒரு கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சி என்று தெரிய வேண்டும், பிரித்த பிறகு கட்டு ஒன்று குறையும் என்று நினைவு வைக்க வேண்டும், பிறகுதான் கழித்தல். ஆகவே முதல் வீடியோவில் ஒரு குச்சிக்கட்டின் ரப்பர் பேண்டை மட்டும் கழற்றினேன். அவ்வளவுதான். நடுவில், “இப்ப போனை வெச்சுட்டுப் போய், பத்துப் புளியங்கொட்டை எடுத்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி சும்மா இருந்தேன். அந்த மௌனம் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ‘டீச்சர் காத்துக்கிட்டு இருக்காங்க’ என்று ஓடினார்களாம்.

பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருக்கிறதே, அதிலேயே வீடியோ வருமே, நீ ஏன் மெனக்கெடுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. நானும் அதைக் காட்டிப் பார்த்தேன். படங்கள் எல்லாம் என்னுடையதைவிட நூறு மடங்கு அழகு. ஆனால் பிள்ளைகள் அதை டிவி போலப் பார்த்தார்கள். என் கை தெரிந்தால், அந்த வளையல் தெரிந்தால், பதில் சொன்னார்கள். வாய்விட்டே சொல்வார்கள் என்று ஒரு பாட்டி சொன்னார்: “போனைப் பார்த்து ‘ஆமாங்க டீச்சர்’ங்கறாங்க.” விசில் மட்டும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

பார்க்க முடியாதவர்களுக்கு வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 25இல் இருந்து காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்திருந்தது. அதனால் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வழிபாட்டு மணி அடிக்கும் வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். திங்கட்கிழமைகளில் அந்த நேரத்தில் வகுப்பு மடிக்கணினியில் வீடியோவை ஓடவிட்டேன். ‘பார்க்காதவர்களுக்கு’ என்று சொல்லவில்லை. சும்மா ஓடும், வேண்டியவர்கள் பார்க்கலாம். வீட்டில் பார்த்தவர்களும் வந்து உட்கார்ந்து, “இப்ப கொட்டை எடுக்கச் சொல்லுவாங்க பாரு” என்று மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். இரண்டாம் தடவை பார்த்ததில் அவர்களுக்கும் லாபம். பச்சைப் புடவைக்காரி முதல் வரிசையில் இருந்தாள்.

வீட்டில் பார்த்து வருபவர்கள் எண்ணிக்கை அந்த வருடம் முழுவதும் 17ஐத் தாண்டவே இல்லை. பள்ளியில் ஒரு திரை, ஒரு அரை மணி நேரம் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். இல்லாவிட்டால் போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு தடவை பாடம், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட இல்லை என்றாகிவிடும்.

இனி தரை. முன்பெல்லாம் நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபத்தைந்து நிமிடம் போர்டில் போய்விடும். இப்போது போர்டில் ஐந்து நிமிடம். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்க அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக இருக்கிறார்கள். ஒரு கூட்டம் பயிற்சிநூலில், ஒரு கூட்டம் குச்சிக்கட்டில், ஒரு கூட்டம் என்னோடு பாயில். என்னோடு உட்கார்கிறவர்கள் கணக்குப் போடும்போது நான் விடையைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன்.

ஒரு பையன். கழித்தலில் எப்போதும் சரியாகச் செய்கிறவன் என்று நான் நினைத்திருந்தவன். தொடைக்கு அடியில் விரல்களை ஒளித்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். கடன் வாங்குவது அவனுக்குத் தெரியவே தெரியாது. 52இல் இருந்து பின்னோக்கி 27 தடவை எண்ணிவிடுவான், அவ்வளவு பொறுமை. நோட்டில் டிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்த எனக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொருத்தி 52இல் 27 போனால் 35 என்றாள். எப்படிக் கண்ணு என்றேன். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு.” மேலே இருப்பது இரண்டுதானே, அதில் இருந்துதானே ஏழைக் கழிக்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்” என்றாள். அவள் மறக்கவில்லை. சின்ன வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்த விதியை அவள் உண்மையாகக் கடைப்பிடிக்கிறாள். அன்றோடு அந்த வாக்கியத்தை என் வாயில் இருந்து எடுத்துவிட்டேன், ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவைத்தேன். போர்டு பக்கம் திரும்பி நின்றிருந்தால் இந்த இரண்டும் எனக்குத் தெரியாமலேயே வருடம் முடிந்திருக்கும்.

இதற்குள் நவம்பர் ஆகிவிட்டது. நீட்டலளவை வந்தது. சென்டிமீட்டர், மீட்டர். வழக்கம்போல வீடியோ எடுக்க உட்கார்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது. சரி, இந்த வாரம் விளக்கம் வேண்டாம், ஒரு வேலை மட்டும் கொடுப்போம் என்று துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி எல்லார் நோட்டிலும் ஒட்டி அனுப்பினேன்: ‘வீட்டில் உள்ள வேட்டி, துண்டு, சேலை எதையாவது எடுத்துக்கொள். உன் கையால் எத்தனை முழம் என்று அளந்து எழுதிக்கொண்டு வா.’ போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். முழம் போடத் தெரியாத வீடு எங்கள் பக்கம் கிடையாது.

திங்கட்கிழமை காலை நான் கேட்டைத் தாண்டும் முன்பே ஒருவன் ஓடி வந்தான். “டீச்சர், எங்க அப்பாரு எட்டு முழ வேட்டி பதினோரு முழம் இருக்குதுங்க!” கடைக்காரர் தெரியாமல் மூன்று முழம் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்பது அவன் கட்சி. இல்லை, நீ தப்பாக அளந்திருக்கிறாய் என்பது இன்னொருவன் கட்சி, அவன் வீட்டு நாலு முழ வேட்டி அவன் கையால் ஆறு முழம் என்றாலும்கூட. ஒருத்தி அம்மா சேலையைப் பதினாறு முழம் வரை அளந்துகொண்டிருக்கும்போது மண்ணில் புரட்டுகிறாய் என்று முதுகில் ஒன்று விழுந்ததால் மீதி தெரியாது என்று நேர்மையாக எழுதியிருந்தாள்.

வேட்டியை வகுப்புக்கே கொண்டுவந்திருந்தான். பாயை ஓரமாகச் சுருட்டிவிட்டு நடு வகுப்பில் விரித்தோம். அவன் முழங்கையை ஊன்றி விரலை நீட்டி அளந்தான்: பதினொன்று. பிறகு நான் அளந்தேன்: எட்டு முழம், கொஞ்சம் மீந்தது. வகுப்பு அமைதியானது. ஒரே வேட்டி எப்படி இரண்டு நீளம்? நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் எழுந்து வந்து தன் கையை என் கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “டீச்சர் கை பெருசு.” அப்புறம் வரிசையாக எல்லாரும் வந்து கையை வைத்துப் பார்த்தார்கள்.

அப்போது பின்னால் இருந்து தறிக்கார வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அவள் அவ்வளவாகப் பேசுகிறவள் அல்ல. “அப்ப ஓனர் கை நீளமா இருந்தா எங்கப்பாவுக்குக் கூலி கொறையுமுங்களா?”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அவள் அப்பாவுக்கு ஓட்டிய துணிக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி. முழத்தில் அளந்தால், நீளக் கைக்காரர் அளக்கும்போது எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். உலகத்துக்கு ஏன் பொதுவான ஒரு அளவு வேண்டும் என்பதை நான் பத்து வீடியோ எடுத்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். “அப்ப யாரு கையா இருந்தாலும் மாறாத ஒண்ணு வேணும்” என்றான் வேட்டிக்காரன். அந்த இடத்தில்தான் மீட்டர் டேப்பை வெளியே எடுத்தேன். வேட்டி லேபிளில் 3.60 மீ. என்று இருந்தது. டேப்பிலும் ஏறக்குறைய அதுவே. அவன் முழம் 33 சென்டிமீட்டர், என்னுடையது 43. இந்தியாவில் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது 1956இல். இத்தனை வருடம் கழித்தும் வேட்டி முழத்தை விடவில்லை, லேபிளில் இரண்டும் இருக்கிறது. நல்லவேளை.

மீட்டர் பற்றிய மூன்று நிமிட வீடியோவை அந்த வாரம் புதன்கிழமை எடுத்தேன். வகுப்பில், எல்லாம் முடிந்த பிறகு காட்டினேன். யாரும் அதைத் தனியாகப் பாடம் என்று நினைக்கவில்லை, “ஆமா, நாம பார்த்தோமே” என்றார்கள்.

அதற்குப் பிறகு என் வரிசை மாறிவிட்டது. பெரிய பிள்ளைகளுக்கு விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம். இந்த வயதில் வீட்டுக்குப் போக வேண்டியது ஒரு வேலை, அல்லது சண்டை போட்டுக்கொள்ளும்படியான ஒரு கேள்வி. விளக்கம் பள்ளியிலேயே இருக்கட்டும், வீடியோவிலோ என் வாயிலோ. வீட்டில் அப்பாரு இருக்கிறார், அம்மிச்சி இருக்கிறார், தராசும் கடிகாரமும் காலண்டரும் இருக்கின்றன. அவர்களைப் பாடம் நடத்தச் சொன்னால் பயப்படுகிறார்கள். வேட்டியைக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறார்கள்.

எல்லாம் சரிப்பட்டு வந்தது என்று சொல்ல மாட்டேன். நேரம் பார்க்கிற பாடத்தில் இதே முறை படுத்துவிட்டது. ‘வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள்’ என்று கேட்டு அனுப்பினேன். பாதி வீட்டில் முள் கடிகாரமே இல்லை, போனில் எண்ணாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். பெரிய முள், சின்ன முள் என்று நான் மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். தமிழ் வாசிப்பை இதில் சேர்க்கவே இல்லை. லகர, ளகர, ழகரத்தைப் பிள்ளை என் வாயைப் பார்த்துத்தான் கற்க வேண்டும், என் காதும் பக்கத்தில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை வராத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதும் இன்னும் பிடிபடவில்லை. ஞாயிறு இரவு திருவிழாவுக்குப் போனவன் செவ்வாய்க்கிழமைதான் வருவான். அவனுக்காக வேட்டியை இன்னொரு தடவை விரிக்க முடியாது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கொள்ளளவுக்கான சீட்டு போயிற்று: ‘சோற்றுக்கு அரிசி எதில் அளக்கிறார்கள்? அதில் எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கும்?’ ஞாயிறு காலை தெரியாத நம்பரில் இருந்து ஒரு அழைப்பு. பச்சைப் புடவைக்காரி அப்பா. முன்பு அவர் என்னோடு பேசியதே இல்லை. “டீச்சர், எங்க வீட்டுல அரைப்படி இருக்குதுங்க, அடியில நசுங்கியிருக்குது. அதுல அளந்தா கணக்குத் தப்பாயிடுமுங்களா?”

நசுங்கினதையே கொடுத்தனுப்புங்கள் என்றேன்.